தீவாந்திரம் போன தாத்தாவைத் தேடுவது எப்படி?

"எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் ஏதோ கேஸ்ல அந்தமானுக்குப் போயிட்டாராம். திரும்பி வரவே இல்லையாம்."

இப்படி ஒரு வரி பல குடும்பங்களில் உண்டு. அதற்கு மேல் கிளறினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டார் என்பார் சித்தப்பா. அதெல்லாம் இல்லை, வரப்புத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டார் என்பார் பெரியத்தை. அந்தமானே இல்லை, பினாங்குக்குக் கூலி வேலைக்குப் போனவர்தான் அவர் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகளைப் பற்றியது. அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எங்கே தொடங்கித் தேடுவது? தேடுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பெயரைத் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் அது பாதி வேலையைக் கெடுக்கிறது. தேட வேண்டியது அவரைப் பற்றி எழுதிய காகிதத்தை. அந்தக் காகிதம் எப்படி நகர்ந்தது என்று புரிந்துவிட்டால் ஆள் தானாக அகப்படுவார்.

தீவாந்திரம் என்றால் என்ன?

'த்வீபாந்தரம்' என்ற வடசொல்லுக்கு வேறொரு தீவு என்று பொருள். அது தமிழில் தீவாந்தரம், தீவாந்திரம் என்று ஆகி, பழைய கோர்ட்டுத் தமிழில் ஒரு தண்டனையின் பெயராக நிலைத்துவிட்டது. குற்றவாளியைக் கடல் தாண்டிய ஓர் ஊருக்கு அனுப்பி, அங்கே வேலை வாங்கும் தண்டனை அது. 7 ஆண்டு, 14 ஆண்டு என்று கணக்கு வைத்தும் விதித்தார்கள், ஆயுளுக்கும் விதித்தார்கள். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. 1955-இல் சட்டத்தைத் திருத்தி அந்த இடத்தில் 'ஆயுள் சிறை' என்று போட்டார்கள். இன்று நாம் சொல்லும் ஆயுள் தண்டனை அதன் வாரிசுதான்.

இதோடு வேறு இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது ஒப்பந்தக் கூலி. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்த பிறகு, இத்தனை ஆண்டு வேலை செய்கிறேன் என்று கைநாட்டு வைத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இவர்கள். 1834 முதல் மொரீஷியசுக்குப் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கான முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860-இல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. இவர்களுடைய ஆவணங்கள் குடியேற்ற அலுவலகத்துப் பதிவேடுகளில் இருக்கும். சிறைப் பதிவேட்டில் எத்தனை மாதம் புரட்டினாலும் வராது.

இரண்டாவது, அரசியல் நாடுகடத்தல். 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, சிவகங்கை மன்னராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் உள்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியது. இதில் வழக்கமான கொலை, கொள்ளை வழக்குகளைப் போல மாவட்டக் கோர்ட்டுத் தீர்ப்பு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. ராணுவக் கடிதங்கள், அரசியல் துறைக் கோப்புகள் என்று வேறு பக்கம் போக வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தீவாந்திரம் என்று தீர்ப்பு வந்ததாலேயே அவர் தீவுக்குப் போனார் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு வ.உ.சி.யைவிட நல்ல உதாரணம் இல்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் அவருக்கு இரண்டு ஆயுள் தீவாந்திரம் விதித்தார்கள். ஆயுளுக்கு 20 ஆண்டு என்ற கணக்கில் மொத்தம் 40 ஆண்டு. ஆனால் அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில். பிறகு கண்ணனூர் சிறை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அந்தமான் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

ஆக, முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் ஆள் கைதியா, கூலியா, அரசியல் காரணத்துக்காக அகற்றப்பட்டவரா? கைதி என்றால், உண்மையிலேயே கப்பலேறினாரா?

எந்தக் காலத்தில் எந்த ஊர்?

அந்தமான் என்ற சொல் நம் நினைவில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஆனால் போர்ட் பிளேரில் கைதிக் குடியேற்றம் நிலைத்தது 1858 மார்ச்சில்தான். 1789-இல் ஒரு முயற்சி நடந்து, நோயும் சாவும் தாங்காமல் 1796-இல் மூடிவிட்டார்கள். அந்த முயற்சிக்கு முன்னும், அதற்குப் பின் 1858 வரையும் கைதிகள் வேறு ஊர்களுக்குத்தான் போனார்கள்.

சுமத்ராவின் பென்கூலனுக்கு 1787 முதல் அனுப்பினார்கள். பினாங்குக்கு 1790 வாக்கில் தொடங்கியது. பென்கூலனை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது அங்கிருந்த கைதிகளை 1825-இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றினார்கள். அந்த ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கிய முதல் கூட்டம் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். பிறகு மலாக்காவும் பர்மாவின் மோல்மேனும் சேர்ந்துகொண்டன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர். 1860 வாக்கில் அங்கே இந்தியக் கைதிகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். 1873-இல் சிங்கப்பூர்க் கைதிச் சிறையை மூடி, எஞ்சியவர்களை அந்தமானுக்குக் கொண்டுபோனார்கள்.

எனவே 1840-இல் தண்டனை பெற்றவரை அந்தமானில் தேடிப் பயனில்லை. 1870-இல் போனவரைச் செல்லுலார் ஜெயிலில் தேடியும் பயனில்லை. அந்தக் கட்டடத்தைக் கட்டத் தொடங்கியதே 1896-இல், முடித்தது 1906-இல். அதற்கு முன் போன கைதிகளும், பின்னால் போனவர்களில் பெரும் பகுதியினரும் கொட்டகைகளிலும் கிராமங்களிலும் வாழ்ந்தார்கள். சுற்றுலா போய்ச் செல்லுலார் ஜெயில் சுவரில் தாத்தா பெயரைத் தேடிவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரு சின்ன விலகல். கப்பல் ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நீலகிரியின் நடுவட்டம் பக்கம், கொய்னா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்து, விடுதலையான பிறகு தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து இங்கே தாத்தாவைத் தேடுகிறவர்களும் இருக்கலாம்!

காகிதம் எப்படி நகர்ந்தது?

ஒரு பார்சல் அனுப்புகிறீர்கள். அனுப்பும் இடத்தில் எடை போட்டு, உள்ளே என்ன என்று எழுதி, ஒரு எண் கொடுத்து ரசீது கிழிப்பார்கள். வண்டியில் ஏற்றும்போது இன்னொரு பட்டியல். சேரும் இடத்தில் சரிபார்த்து ஒரு கையெழுத்து. வழியில் யாரும் பார்சலைப் பிரித்துப் படிப்பதில்லை. எண்ணும் அடையாளமும் பொருந்தினால் போதும்.

கைதியையும் அப்படித்தான் நடத்தினார்கள். கேட்கக் கசப்பாக இருக்கிறது; ஆனால் தேடுகிற நமக்கு அதுதான் பிடிமானம். ஊரில் ஒழுங்காக உழுது வாழ்ந்து செத்தவரைப் பற்றி அரசாங்கம் நிலவரி தவிர எதுவும் எழுதவில்லை. கப்பலேறியவரைப் பற்றிக் கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் எழுதியது.

வரிசையாகப் பார்ப்போம். முதலில் தீர்ப்பு. 1862-க்கு முன் மாவட்டங்களின் பெரிய குற்ற வழக்குகளுக்கு மேல் சென்னையில் ஃபவுஜ்தாரி அதாலத் இருந்தது. கம்பெனியின் உச்சக் குற்றவியல் கோர்ட்டு அது. சென்னை நகரத்துக்குள் நடந்த வழக்கு என்றால் தனியாகச் சுப்ரீம் கோர்ட்டு. 1862-இல் உயர் நீதிமன்றம் வந்து இரண்டின் இடத்தையும் பிடித்தது. அடுத்து, கைதியைக் கப்பலேற்ற அரசாங்கத்தின் உத்தரவு. இது நீதித்துறையின் 'ஆலோசனைக் குறிப்பு'களில் இருக்கும். ஒரு விஷயம் பற்றி அரசுக்கு வந்த கடிதம், எடுத்த முடிவு, அனுப்பிய பதில் மூன்றையும் தேதிவாரியாகத் தைத்துவைத்த தொகுப்புக்கு அப்படிப் பெயர். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவை இருக்கின்றன.

கப்பலில் ஏற்றும்போது கைதியோடு போகும் காகிதம்தான் நமக்குத் தங்கம். அங்க அடையாளப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், மச்சம் அல்லது தழும்பு, குற்றம், தண்டித்த கோர்ட்டு, தீர்ப்புத் தேதி என்று போகும். புகைப்படம் பரவாத காலம். ஒருவனுக்குப் பதில் இன்னொருவனை ஏற்றிவிடக் கூடாது என்ற பயத்தில் எழுதியது. இடது புருவத்தில் தழும்பு என்று ஒரு வரியைப் படிக்கும்போது, நான்கு தலைமுறைக்கு முந்தைய முகம் ஒன்று சட்டென்று எட்டிப் பார்க்கும்.

சேர்ந்த இடத்தில் இன்னொரு பதிவேடு. நீரிணைக் குடியேற்றங்களின் 1867 வரையிலான ஆவணங்கள் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம். அந்தமான் விஷயம் என்றால் புதுதில்லியில் இருக்கும் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் பிரிவு. அந்தமானிலேயே இருந்த பல பதிவேடுகள் 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அழிந்துபோயின.

அழிந்தால் முடிந்ததா? இல்லை. கம்பெனி காலம் தொட்டே மாகாண அரசு தன் குறிப்புகளைப் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பிரதிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் கிடக்கின்றன. எழும்பூரில் கறையான் தின்ற பக்கம் லண்டனில் முழுதாக இருக்கக்கூடும்.

சுருக்கமாக: அனுப்பிய இடம், சேர்ந்த இடம், லண்டன் என்று ஒரே ஆளைப் பற்றி மூன்று இடத்தில் காகிதம் இருக்க வாய்ப்புண்டு. ஒன்றில் கதவு மூடினால் இன்னொன்றைத் தட்டலாம்.

பெயர் என்னும் பள்ளம்

சரி, பெயரைத் தேடாதீர்கள் என்று ஏன் சொன்னேன்? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை எப்படியெல்லாம் கொலை செய்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் எழுதுகிறவருக்கும் தமிழ் தெரியும். அன்றைக்கு ஒரு கைதி வாயால் சொன்னதை ஒரு குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார்; கடல் தாண்டி இன்னொருவர் அதைப் பார்த்துக் காதில் விழுந்தபடி திருத்தினார். கருப்பன் 'காரூப்பென்' ஆவார், பெருமாள் 'பெர்மால்' ஆவார், முத்துசாமி 'மூட்டூசாமி' ஆவார். ஒரே ஆள் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக இருப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பெயர் முறையிலேயே இருக்கிறது. ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் என்ற நூல் தலைமுறை தலைமுறையாக ஓடும்; இழுத்தால் கொள்ளுத்தாத்தா வரை வருவார். நமக்கு அந்த நூல் கிடையாது. மகன் பெயருக்கு முன் தகப்பன் பெயர், அதற்கு அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். ஒரு தாலுகாவில் கருப்பன் மகன் மாடசாமி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

ஆகவே, தேதியையும் கோர்ட்டையும் பிடியுங்கள். மதுரைக் கோர்ட்டு, இன்ன ஆண்டு, இன்ன குற்றம் என்று மூன்று கிடைத்தால் அந்த ஆண்டில் கப்பலேறியவர்கள் ஒரு சிறு கூட்டமாகச் சுருங்கிவிடுவார்கள். அதற்குள் தகப்பன் பெயரையும் வயதையும் வைத்துச் சலிக்கலாம். கைதி எண் கிடைத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை. பெயர் எத்தனை விதமாக மாறினாலும் எண் கூடவே வரும்.

அங்கே என்ன வாழ்க்கை?

காலில் விலங்கோடு இருட்டறையில் கிடந்து செத்தார் என்பதுதான் நம் மனத்தில் இருக்கும் படம். சிலருக்கு அது உண்மை. பெரும்பாலோருக்கு அது முதல் சில ஆண்டுகளின் கதை.

நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். புதிதாக வருகிறவர் கீழ் வகுப்பில், விலங்கோடு ரோடு போடுவார். நடத்தை சரியாக இருந்தால் மேலே ஏறலாம். மற்றக் கைதிகளை மேய்க்கும் பொறுப்பும் கைதிகளுக்கே வந்தது. பதிவேட்டில் 'டிண்டல்' என்று ஒரு பதவி கண்ணில் பட்டால் மிரள வேண்டாம். அது நம் பக்கத்துத் 'தண்டல்' என்ற சொல்லின் திரிபுதான். உச்சியில் இருந்தது விடுப்புச் சீட்டு. சீட்டு பெற்றவர் சிறைக்கு வெளியே தங்கலாம், தொழில் செய்யலாம், குடும்பம் நடத்தலாம். ஊரைவிட்டுப் போக மட்டும் கூடாது. நீளக் கயிற்றில் கட்டிய மாடு மாதிரி. மேயலாம், வேலி தாண்ட முடியாது. அந்தமானில் இதே நிலையை அடைந்தவரைச் 'சுயஜீவனக்காரர்' என்ற பொருளில் குறித்தார்கள். அவருக்கு நிலமும் கொடுத்தார்கள்.

அவர்கள் வேலையை இன்றும் பார்க்கலாம். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவரில் பூசியது சென்னைச் சுண்ணாம்பு: சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. நம் ஊர் கொத்தனார் கைப்பக்குவம்.

தண்டனையின் தடம் உடம்பிலும் இருந்தது. 1849-இல் ஒழிக்கும்வரை சென்னை, வங்காள மாகாணங்களில் ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. அந்தமானில் அதற்குப் பதில் கழுத்தில் ஒரு மரவில்லை. அதில் கைதி எண், சட்டப் பிரிவு, தீர்ப்புத் தேதி. 302 என்றால் கொலை. 395 என்றால் கூட்டுக் கொள்ளை.

இந்த 395-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் கூட்டுக் கொள்ளை என்றது அன்றைய சட்டம். தண்டனை ஆயுள் தீவாந்திரம் வரை போகும். பதிவேட்டில் அதைப் பார்த்ததும் குதிரையில் வந்து நகையைப் பறித்த கூட்டம் நினைவுக்கு வரும். ஆனால் 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் பசித்தவர்கள் சேர்ந்து தானியக் கிடங்கை உடைத்ததும் இதே பிரிவுக்குள் வரக்கூடியதுதான். எனவே எண்ணைப் பார்த்ததும் தாத்தாவைத் திருடன் என்றோ தியாகி என்றோ முடிவு கட்டாமல், ஆண்டையும் மாவட்டத்தையும் வைத்து அந்த வழக்கின் குறிப்பைத் தேடிப் படிப்பது நல்லது. எனக்குத் தெரிந்தவரை இந்த இடத்தில்தான் குடும்பக் கதைகள் தலைகீழாகின்றன.

அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம்

தண்டனை முடிந்த அன்றோ மன்னிப்புக் கிடைத்த அன்றோ அரசாங்கத்துக்கு அந்த ஆள் மீதிருந்த அக்கறை போய்விடும். காகிதமும் அங்கே நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர் ஊர் திரும்பியிருக்கலாம், அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கியவர்களில் பலர் வேறு சாதியில், வேறு மதத்தில், வேறு மொழி பேசும் பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். அந்தமானில் பெண் கைதிகளும் இருந்தார்கள். கைதிகளின் பிள்ளைகளை அங்கே 'லோக்கல் பார்ன்' என்றே ஒரு சமூகமாகச் சொல்வார்கள். இந்துஸ்தானிதான் அவர்கள் வீட்டுமொழி. ஆகவே, அங்கே ஒரு பேரனைக் கண்டுபிடித்தால் அவருக்குத் தமிழ் தெரியாது, சாதி தெரியாது, உங்கள் ஊர்ப்பெயர்கூடத் தெரியாது என்பதற்குத் தயாராக இருங்கள். மலபாரிலிருந்து 1921 கலகத்துக்குப் பின் போன மாப்பிள்ளைமார் என்ற மலபார் முஸ்லிம்கள் வேறு மாதிரி. தாங்கள் குடியேறிய இடங்களுக்கு வண்டூர், கள்ளிக்கோட்டை என்று ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் கிடைக்காது.

மரபணுச் சோதனை உதவுமா என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டு பேருக்கு எவ்வளவு மரபணு பொது என்று பார்த்து உறவின் தூரத்தைக் கணிப்பதுதான் அது. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிவந்த சமூகங்களில் எல்லாரும் எல்லாருக்கும் பல வழியில் உறவு. சோதனை ஒருவரை நான்காம் தலைமுறை உறவு என்று சொன்னால், உண்மையில் அதைவிடத் தள்ளி இருக்கக்கூடும். காகிதத்தில் கிடைத்ததை உறுதிப்படுத்தப் பயன்படும். அதை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

துரைச்சாமிக்குத் திரும்பி வருவோம். 1801 போரில் மருதுவுக்கு எதிராகச் சண்டை போட்ட வெல்ஷ் என்ற அதிகாரி, 1818-இல் பினாங்கில் அவரைச் சந்தித்ததாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிறுவனாகப் பார்த்தவரை முதலில் அடையாளமே தெரியவில்லையாம், அவ்வளவு மூப்பு. அவர் எழுதியிருக்காவிட்டால், 16 ஆண்டுக்குப் பின்னும் துரைச்சாமி உயிரோடு இருந்தது நமக்குத் தெரிந்திருக்காது. அரசுக் கோப்பில் இல்லாதது ஒருவருடைய சொந்த எழுத்தில் கிடைக்கிறது. அந்தக் காலச் சிங்கப்பூர்ப் பத்திரிகைகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருப்பதால், அவற்றையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

இங்கே ஊரில் விட்டுப்போன குடும்பத்தைத் தேட நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது: குலதெய்வக் கோயில். பங்காளிகள் யார் யார், எந்த வகையறா எப்போது எந்த ஊருக்குப் பிரிந்து போனது என்பது அங்கே தெரியும். கொடைக்கோ திருவிழாவுக்கோ தலைக்கட்டு வரி பிரிக்கும் நோட்டில் ஆண்டுவாரியாகக் குடும்பத் தலைவர் பெயர்கள் இருக்கும். ஒரு வகையறாவில் இரண்டு தலைக்கட்டு இருந்த இடத்தில் திடீரென்று ஒன்று குறைந்தால், அல்லது ஒரு பெண்ணின் பெயரில் வரி வந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்த வருஷத்து நோட்டு வேண்டாம். பூசாரி வீட்டுப் பரணில் கிடக்கும் பழையது.